லண்டனா, லோசானா, டெல்லியா? ஹோட்டல் நிர்வாக மேற்படிப்புக்கு முன் போட வேண்டிய கணக்கு

போன மாதம் திருநெல்வேலித் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கேட்டரிங் காலேஜில் மூன்று வருடம் படித்தவர், சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் ஃப்ரண்ட் ஆபீஸில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆஃபர் லெட்டர், அதற்கு அடியில் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ். பன்னாட்டு ஹோட்டல்கள், உணவகங்களின் வியூக நிர்வாகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. "அண்ணா, மாசக் கடைசிக்குள்ள டெபாசிட் கட்டணுமாம். அப்பா சரின்னுட்டாரு. போகட்டுமா?" என்றார்.

இந்த மாதிரி ஃபைலோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒருவருக்கு சுவிட்சர்லாந்து ஆசை. ஒருவர் எம்.பி.ஏ. படிக்கலாமா என்கிறார். இன்னொருவருக்கு டெல்லியில் ஒரு ஹோட்டல் குழுமத்தின் மேனேஜ்மென்ட் டிரெய்னி தேர்வு முடிந்து இறுதி நேர்காணல் பாக்கி. எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் போட வேண்டிய கணக்கு ஒன்றுதான், அதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

## இந்தப் படிப்பில் சொல்லித்தருவது என்ன?

சமையலும் சர்வீஸும் இதில் வராது. அதெல்லாம் இளநிலையிலேயே முடிந்துவிட்டது. இங்கே பேசுவது ஹோட்டல் என்ற தொழில் எப்படிப் பணம் பண்ணுகிறது, எந்த ஊரில் எந்தப் பெயரில் எந்த ஒப்பந்தத்தில் திறப்பது என்பதைப் பற்றி.

ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் உள்ள பெயர்ப்பலகை ஒருவருடையது, கட்டடம் பெரும்பாலும் வேறொருவருடையது. 1993-ல் மேரியட் நிறுவனமே தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. நிர்வாகமும் பெயரும் ஒரு கம்பெனிக்கு, கட்டடங்கள் இன்னொரு கம்பெனிக்கு. உலகின் பெரிய ஹோட்டல் பெயர்கள் அநேகமாக எல்லாம் இப்போது இந்த வழியில்தான் போகின்றன. பெயர் கொடுப்பவருக்கு மொத்த வருவாயில் ஒரு சிறு சதவீதமும், அதற்கு மேல் லாபத்தில் ஒரு பங்கும். கட்டட முதலாளிக்கு மிச்சமும், கடனும். இந்த இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர்தான் ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜி.எம்.

இன்னொரு சின்னக் கணக்கு. நூறு அறை ஹோட்டல். நேற்று 70 அறை நிரம்பியது, ஒன்றுக்கு 6,000 ரூபாய். இன்று விலையை 5,000 ஆக்கினோம், 85 அறை நிரம்பியது. ரெவ்பார் என்று ஹோட்டல்காரர்கள் சொல்லும், இருக்கிற எல்லா அறைக்குமான சராசரி வருவாய் நேற்று 4,200, இன்று 4,250. இன்றுதான் நல்ல நாள் போலத் தெரிகிறது. ஆனால் நிரம்பிய ஒவ்வோர் அறைக்கும் லாண்டரி, சோப்பு, மின்சாரம், ஹவுஸ்கீப்பிங் ஆள் எல்லாம் சேர்த்து 800 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். நேற்றைய மிச்சம் 3,64,000. இன்றைய மிச்சம் 3,57,000. ரெவ்பார் ஏறியும் கையில் 7,000 குறைந்திருக்கிறது. அந்தப் பதினைந்து அறைக்காரர்கள் ராத்திரி கீழே ரெஸ்டாரண்டில் சாப்பிட்டார்களா, வெளியே போய்ச் சாப்பிட்டார்களா என்பதில்தான் முடிவு இருக்கிறது.

இந்தக் கணக்கைப் படித்ததும் "எங்க ஹோட்டல்ல இது எப்படி?" என்று உங்கள் மனம் ஓடினால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. இரண்டு வருடமாவது ஷிஃப்ட் பார்க்காதவருக்கு அந்தக் கேள்வியே எழாது. பிளஸ் டூ, இளநிலை, உடனே மேற்படிப்பு என்று ஒரே மூச்சில் போகிறவர்களை நான் தடுப்பதற்குக் காரணம் இதுதான்.

## எடைபோட ஐந்து அளவுகோல்கள்

எந்த நாற்காலி? ஹோட்டலின் ஜி.எம். நாற்காலியா, பெயர் கொடுக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகமா, கட்டட முதலாளிக்காகக் கணக்குப் பார்க்கும் நாற்காலியா, சொந்த உணவகத்தின் கல்லாவா? நான்குக்கும் வழி வேறு. மற்ற நான்கு அளவுகோல்களும் இதற்குப் பிறகுதான்.

முழுச் செலவு. கட்டணம் அதில் ஒரு பகுதிதான். விசா, தங்குமிடம், வேலையை விட்டதால் போகும் சம்பளம், கடன் வட்டி எல்லாம் சேர்ந்தால்தான் அது முழுச் செலவு.

படித்த ஊரில் வேலை பார்க்கும் உரிமை. ஏஜென்ட் இதைக் கடைசியில் சொல்வார். நீங்கள் முதலில் கேளுங்கள்.

கை பழக்கம். படிப்பின் நடுவே சம்பளத்தோடு ஹோட்டலில் நிற்கும் காலம் இருக்கிறதா?

பழைய மாணவர்கள். ஹோட்டல் தொழிலில் பாதி வேலை விளம்பரமாவதே இல்லை என்பது என் அனுபவம். ஒரு போன் காலில் முடிந்துவிடும். அந்தப் போனை யார் எடுப்பார் என்பதும் படிப்பின் விலையில் அடக்கம்.

## பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி.

பெரிய கவர்ச்சி, ஒரே வருடத்தில் முடிந்துவிடும். சர்ரே, ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் துறையில் நெடுநாள் பெயர் உண்டு. பாடம் நன்றாகவே இருக்கும். கேஸ் ஸ்டடி, குழு விவாதம், முடிவில் ஓர் ஆய்வேடு. எழுதவும் வாதாடவும் பழக்குகிறார்கள், அது நம் கேட்டரிங் காலேஜ்கள் தராத ஒன்று.

இனி பணம். கட்டணமும் லண்டனுக்கு வெளியே ஒரு வருடச் சாப்பாடு, வாடகையும் சேர்த்தால் 30 லட்சத்துக்குக் கீழே முடிவது அபூர்வம். விசாவுக்கு முன்பே கட்டணத்தின் மீதியும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். மருத்துவ சர்சார்ஜ் ஆண்டுக்கு 776 பவுண்டு தனி.

30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி. படிக்கும் வருடமும் அதற்கு அடுத்த வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு வருட முடிவில் அசல் 36 லட்சத்து 60 ஆயிரம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 50,000 ரூபாய். ஊர் திரும்பி ஒரு ஹோட்டலில் அசிஸ்டென்ட் மேனேஜராகச் சேர்ந்தால், நான் பார்த்தவரை அந்தச் சம்பளம் ஏறக்குறைய இந்தத் தவணைக்கே போய்விடும். ஆகவே இந்தக் கடன் அங்கே சம்பாதிப்பதை நம்பித்தான் நிற்கிறது.

அங்கேதான் சிக்கல். படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அது முழுதாகக் கிடைத்தால் மாதச் செலவின் பெரும்பகுதி ஈடாகும், கட்டணத்துக்கு எதுவும் மிஞ்சாது. முடித்தபின் கிராஜுவேட் விசா இரண்டு வருடம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குப் பிறகு தங்க ஸ்கில்டு வொர்க்கர் விசா வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அந்த விசா பொதுவாகப் பட்டப்படிப்பு நிலை என்று அரசு வகைப்படுத்திய வேலைகளுக்குத்தான். செஃப், உணவக மேலாளர், ஹோட்டல் மேலாளர் வேலைகள் அந்த நிலைக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கின்றன. ஹோட்டலை நிர்வகிக்கப் படித்துவிட்டு, ஹோட்டல் மேலாளர் என்ற பதவியை வைத்து அங்கே புதிதாக விசா வாங்க முடியாத நிலை. ஃபைலோடு வந்த தம்பியிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பும் 41,700 பவுண்டாக ஏறிவிட்டது. நிதி, தரவுப் பகுப்பாய்வு மாதிரி வேலைக்குத் திரும்ப முடிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. ரிசப்ஷனிலிருந்து டியூட்டி மேனேஜர் ஆக நினைப்பவருக்கு அது மிகக் குறுகிய வழி.

கல்யாணமானவர்களுக்கு இன்னொன்று: 2024 ஜனவரியிலிருந்து பாடவழி முதுநிலை மாணவர்கள் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப்போக முடியாது.

*யாருக்கு நல்லது?* கடனில்லாமல் போகக்கூடியவருக்கு. கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் ரெவின்யூ (அறை விலை, வருவாய்க் கணக்கு), டெவலப்மென்ட் (புது ஹோட்டல்களுக்கு ஒப்பந்தம் பிடிப்பது) பக்கம் போக நினைப்பவருக்கு. 18 மாதத்தை அனுபவமாக எடுத்துக்கொண்டு துபாய்க்கோ தோஹாவுக்கோ நகரத் தயாராக இருப்பவருக்கு.

## சுவிட்சர்லாந்து

ஹோட்டல் படிப்பு என்ற ஒன்றே அங்கேதான் உருவானது. லோசான் பள்ளி 1893-ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய ஹோட்டல் பள்ளி. லெ ரோஷ் 1954, கிலியான் 1962. முதலில் சொன்ன ஐந்தாவது அளவுகோலில் இவற்றை அடிக்க ஆளில்லை. பெரிய குழுமங்களின் உயர்பதவிகளில் இந்தப் பள்ளிக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிறார்கள்.

கை பழக்கத்திலும் இவைதான் முன்னால். இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் கட்டாயம். சுவிட்சர்லாந்துக்குள்ளேயே செய்தால் ஹோட்டல் துறையின் கூட்டு ஒப்பந்தப்படி மாதம் 2,000 பிராங்குக்கு மேல் மொத்த ஊதியம் உண்டு. சாப்பாடும் அறையும் அதில் பிடித்துக்கொள்வார்கள், இருந்தாலும் நம் ஊரில் டிரெய்னி வாங்கும் பணத்தை நினைத்தால் அது பெரிய தொகை.

ஆனால் விலை வேறு ஓர் உயரத்தில் இருக்கிறது. லோசானில் இளநிலை முழுதாகப் படிக்க ஒரு வெளிநாட்டு மாணவருக்கு ஒன்றரை லட்சம் பிராங்கைத் தாண்டும். ரூபாயில் ஒன்றரைக் கோடிக்கு மேல். முதுநிலை குறுகியது, அதற்கேற்ப குறையும், என்றாலும் பிரிட்டனை விடக் கூடுதலாகவே நிற்கும்.

மறைந்திருக்கும் விஷயங்கள் மூன்று சொல்ல வேண்டும். முதலாவது, சுவிஸ் பள்ளி என்று பெயர் இருப்பதெல்லாம் சுவிஸ் பட்டம் தருவதில்லை. சில தனியார் பள்ளிகளில் பட்டம் பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் வரும். படித்தபின் வேலை தேட ஆறு மாதம் தங்கலாம் என்ற சலுகை, அங்கீகாரம் பெற்ற சுவிஸ் உயர்கல்விப் பட்டத்துக்கானது. சேரும் முன்பே பட்டம் தருவது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்து, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற எல்லாத் துறை ஆட்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 8,500 வேலை அனுமதிகள்தான். பொறியாளர், வங்கிக்காரர், மருந்து விஞ்ஞானி எல்லாரோடும் நீங்கள் அதில் போட்டி. கடைசியாக மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், லோசானில் விருந்தினர் பேசுவது பிரெஞ்சு, சூரிக்கில் ஜெர்மன்.

*யாருக்கு நல்லது?* குடும்பத்துக்கு ஏற்கெனவே ஹோட்டல் இருந்து, அதை அடுத்த தலைமுறை பெரிதாக்கப்போகிறது என்றால் இதைவிட நல்ல செலவு குறைவு. பன்னாட்டு ஆடம்பர ஹோட்டல்களில் ஜி.எம். ஆக வேண்டும் என்பவருக்கும் சரி. வீட்டை அடமானம் வைத்துப் போகும் இடம் இதில்லை.

## இந்தியக் குழுமத்தின் மேனேஜ்மென்ட் டிரெய்னி

என் மனம் சாய்வது இந்தப் பக்கம், அதை ஒளிக்கவில்லை. ஓபராய் குழுமம் 1966-லிருந்து டெல்லியில் பயிற்சி மையம் நடத்துகிறது. இரண்டு வருடம், ஸ்டைபண்டோடு. தாஜ் ஹோட்டல்களை நடத்தும் ஐ.எச்.சி.எல்., ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் ஆகியவற்றிலும் இதே மாதிரித் திட்டங்கள் உண்டு. முடிந்ததும் அசிஸ்டென்ட் மேனேஜர் நிலையில் வேலை.

ஒரு டிரெய்னியின் நாள் எப்படி என்று பார்த்தால்தான் இதன் மதிப்பு புரியும். காலை ஆறரைக்கு கிச்சன் ஸ்டோர்ஸில் இன்டென்ட், அதாவது கிச்சன் கேட்டு எழுதிய பொருள் பட்டியலைச் சரிபார்ப்பார். முப்பது கிலோ தக்காளி கேட்ட இடத்தில் முப்பத்தைந்து ஏன் வந்தது என்று செஃபிடம் கேட்டால் முறைப்பு கிடைக்கும். மதியம் வகுப்பில் அதே தக்காளி ஃபுட் காஸ்ட் சதவீதமாகப் பலகையில் நிற்கும். சாயங்காலம் பேங்க்வெட்டில் முந்நூறு பேர் என்று சொன்ன கல்யாணத்துக்கு நானூறு பேர் வருவார்கள். கணக்கும் முறைப்பும் நானூறு பேரும் ஒரே நாளில் நடக்கும் வகுப்பறை வேறு எங்கும் கிடையாது.

செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் விலை உண்டு. தேர்வு கடுமை, வயது வரம்பு இருக்கும், தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த வருடம்தான். சேர்ந்தால் இத்தனை வருடம் இருக்க வேண்டும், விட்டால் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கலாம், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியும் படியுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாது, உடம்பு தாங்க வேண்டும். பாடமும் அந்தக் குழுமத்தின் வழியில்தான் இருக்கும், வெளியே வேறு மாதிரி நடக்கிறது என்பது கண்ணில் படாது. முதுநிலைப் பட்டம் கிடைக்குமா, சான்றிதழ்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள். பின்னால் வெளிநாட்டு விசாவுக்கும் ஆசிரியர் வேலைக்கும் பட்டம் கேட்பார்கள்.

*யாருக்கு நல்லது?* ஜி.எம். நாற்காலிதான் வேண்டும், அதற்குக் கீழிருந்து ஏறத் தயார் என்பவருக்கு. வளைகுடாவிலும் மாலத்தீவிலும் ஆள் எடுப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ஹோட்டலில் எத்தனை வருடம் என்பதைத்தான்.

## இந்தியாவில் எம்.பி.ஏ. அல்லது எம்.எஸ்சி.

இது சுருக்கமாகவே போதும். ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி நல்ல ஐ.ஐ.எம். கிடைத்தால் ஹோட்டலின் முதலீட்டுப் பக்கத்துக்கு அது வலுவான கதவு. கட்டட முதலாளிக்காக ஒப்பந்தம் பேசுவது, ஹோட்டல் வாங்கி விற்பதற்கு மதிப்பீடு செய்வது எல்லாம் நிதி தெரிந்தவர் வேலை. ஆனால் வளாகத் தேர்வுக்கு வருபவர்களில் ஹோட்டல்கள் அபூர்வம், வங்கியும் கன்சல்டிங்கும் அழைத்துப் போய்விடும். போனால் போகட்டும் என்றால் நல்லதுதான். பெயர் தெரியாத கல்லூரியில் 'ஹாஸ்பிடாலிட்டி எம்.பி.ஏ.' என்று போட்டிருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரிகளான ஐ.எச்.எம்.கள் சிலவற்றில் இரண்டாண்டு எம்.எஸ்சி. உண்டு, கட்டணம் மற்றவற்றோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஆசிரியராக விரும்புபவர்களுக்கு இதுவே நேர் வழி.

## பலர் யோசிக்காத இரண்டு

ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்துக்கு 2011-லிருந்து சொந்தமாக ஹோட்டல் ஐகான் என்று ஒன்று இருக்கிறது, உண்மையான விருந்தினர் தங்கும் ஹோட்டலே அங்கே பயிற்சிக் கூடம். படித்து முடித்தவர்கள் வேலை கையில் இல்லாமலே 24 மாதம் தங்கலாம். சீன மொழி தெரியாதவருக்கு ஃப்ரண்ட் ஆபீஸ் கடினம் என்பது குறை.

இரண்டாவது, வேலையை விடாமல் படிப்பது. கார்னெல் பல்கலைக்கழகம் ரெவின்யூ மேனேஜ்மென்டில் இணையவழிச் சான்றிதழ் தருகிறது. ஹோட்டல் தரவுகளைப் படிக்கக் கற்றுத்தரும் சி.எச்.ஐ.ஏ. சான்றிதழ் இன்னும் மலிவு. இவை பட்டத்துக்கு ஈடாகாது. ஆனால் ஸ்ட்ராட்டஜி உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள 30 லட்சம் தேவையில்லை என்பதை இவை காட்டிவிடும்.

## ஒரே பார்வையில்

| | பிரிட்டன் எம்.எஸ்சி. | சுவிட்சர்லாந்து | இந்திய டிரெய்னி | ஐ.ஐ.எம். எம்.பி.ஏ. |
|---|---|---|---|---|
| காலம் | 1 வருடம் | பள்ளியைப் பொறுத்து | 2 வருடம் | 2 வருடம் |
| செலவு | 30 லட்சத்துக்கு மேல் | அதைவிடக் கூடுதல் | ஸ்டைபண்டு உண்டு | 20 லட்சத்தை ஒட்டி, சில இடங்களில் கூடுதல் |
| அங்கேயே வேலை | 18 மாதம், பிறகு கடினம் | 6 மாதம், அனுமதி குறைவு | உறுதி | நன்று, பெரும்பாலும் வேறு துறையில் |
| கை பழக்கம் | குறைவு | நன்று | மிக அதிகம் | இல்லை |
| பொருந்தும் நாற்காலி | தலைமை அலுவலகம் | குடும்ப ஹோட்டல், ஆடம்பர ஹோட்டல் ஜி.எம். | ஜி.எம். | முதலீடு, மதிப்பீடு |

சொந்த உணவகம் வைக்கப் போகிறவருக்கு அட்டவணையில் இடமில்லாததைக் கவனித்திருப்பீர்கள். அவருக்கு இவை எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நன்றாக ஓடும் ஒரு மெஸ்ஸிலோ ரெஸ்டாரண்டிலோ ஒரு வருடம் சம்பளத்துக்கு நின்று, வாடகை, கேஸ், மாஸ்டர் சம்பளம், மிச்சமாகும் மாவு நான்கையும் தினமும் நோட்டில் எழுதினால் போதும். 30 லட்சம் கடைக்கு முதலாகட்டும்.

## டெபாசிட் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம். போன வருடம் இதே படிப்பை முடித்த இந்திய மாணவர் இருவரோடு பேச முடியுமா, அவர்கள் இப்போது எந்த விசாவில் எந்த வேலையில் இருக்கிறார்கள்? இன்டர்ன்ஷிப்பை ஏற்பாடு செய்வது கல்லூரியா, மாணவரா? விசா மறுக்கப்பட்டால் டெபாசிட்டில் எவ்வளவு திரும்ப வரும்? ஓராண்டு தள்ளிச் சேரலாமா?

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் தம்பியை அன்றே எழுத வைத்தேன். எந்த நாற்காலி என்று கேட்டபோது அவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை, பிறகு "ரெவின்யூ பக்கம் பிடிக்கும்ணா, ஆனா அங்க உக்காந்து பார்த்ததில்ல" என்றார். பத்து நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது, அடுத்த செப்டம்பர் வரை இடத்தை வைத்திருப்பார்களாம். இப்போது அவர் ஃப்ரண்ட் ஆபீஸ் ஷிஃப்ட் முடிந்ததும் ரெவின்யூ மேனேஜர் அறையில் ஒரு மணி நேரம் உட்காருகிறார், சம்பளமில்லாமல். டிரெய்னி தேர்வுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தின் அசல் பீரோவிலேயே இருக்கிறது.